யார் படிக்க அந்த இதழ்?

1949-இல், எஸ்.ஆர். ரங்கநாதன் தலைவராக இருந்தபோது, இந்திய நூலகச் சங்கம் ‘அப்கிலா’ இதழைத் தொடங்கியது. பெயரிலேயே மூன்று பகுதிகள்: ஆய்வுக்கு ‘அனல்ஸ்’, சங்கச் செய்திக்கு ‘புல்லட்டின்’, இந்தி வாசகருக்கு ‘கிரந்தாலயா’. யாரு படிக்கப்போறாங்கன்னு முதல்லயே யோசித்த திட்டம் அது. தமிழுக்குப் பகுதி இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விழுப்புரமும் திண்டிவனமும் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர்கள். அவையும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. சட்டம் ஊருக்கு வந்தது, தொழிலறிவு ஆங்கிலத்திலேயே நின்றது.

இன்று கோஹா மென்பொருள் இலவசம். அதை நிறுவ, பழுது நீக்கச் சொல்லித்தரும் இதழ் தமிழில் வேணும். அதன் முதல் வாசகராகத் திண்டிவனம் பக்கத்து ஊர்ப்புற நூலகரையே வைப்பேன், ஆய்வாளர் அடுத்துதான்.