கியாசனூர் காட்டு நோய்: விலங்கு மாதிரிகளின் வரலாறு

கியாசனூர் காட்டு நோய், உண்ணிகளால் பரவும் வைரசுக் குருதிப்போக்குக் காய்ச்சல். மக்கள் வழக்கில் குரங்குக் காய்ச்சல். இத்தகைய நோயை மனிதரிடம் சோதித்து அறிய முடியாது. ஆகவே அதை ஒத்த நோய் உண்டாகும் விலங்குகளை ஆராய்கின்றனர். இவையே விலங்கு மாதிரிகள். இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவற்றுள் இந்நோய் முதன்மையானது.

கண்டுபிடிப்பு

1957 மார்ச்சில் மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டம், சொரப் வட்டத்தில் கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் கடுங்காய்ச்சல் பரவியது. காட்டுக்குள் சாம்பல் மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் மடிந்து கிடந்தன. ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளின் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. புணே வைரசு ஆய்வு மையம் உடனே களமிறங்கியது. இம்மையத்தை 1952இல் ராக்பெல்லர் அறக்கட்டளையுடன் சேர்ந்து தொடங்கியது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். டெல்ஃபோர்ட் வொர்க், ஹெரால்ட் டிராபிடோ முதலானோர் ஆய்வை நடத்தினர். பால்குடி மாறாச் சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் மாதிரிகளைச் செலுத்தி வைரசைப் பிரித்தெடுத்தனர். அது மஞ்சள் காய்ச்சல் அன்று. ரஷ்ய வசந்த-கோடை மூளையழற்சி வைரசுக்கு உறவான புதிய வைரசு.

குரங்கு ஆய்வுகள்

1960களில் நாட்டுக் குரங்குகளுக்குத் தொற்றை உண்டாக்கி, இரத்த அணுக்களிலும் நரம்பு மண்டலத்திலும் ஏற்படும் மாற்றங்களைப் பதிந்தனர். நோயுற்ற குரங்கின் இரத்தத்தில் வைரசு மிகுந்து பெருகுவதும், அதைக் கடிக்கும் உண்ணிகள் தொற்றைப் பெறுவதும் தெளிவாயின. ஒரு குரங்கு மடியும்போது அதன் உடலிலிருந்து உதிரும் உண்ணிகளால் அவ்விடமே ஆபத்தாகிறது. குரங்குச் சாவைக் கண்காணிக்கும் இன்றைய நடைமுறைக்கு இந்த அறிவே அடிப்படை.

மாதிரிகளின் எல்லை

எந்த ஒரு விலங்கும் மனித நோயை முழுமையாகக் காட்டுவதில்லை. சுண்டெலியில் மூளைப் பாதிப்பு மேலோங்குகிறது; நாட்டுக் குரங்கில் குடலும் நிணநீர்க் கணுக்களும் தாக்கப்படுகின்றன; மனிதரில் காணும் இரத்தக்கசிவு அதில் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. எபோலாவிலும் இதே சிக்கல் உண்டு: இயல்பான வைரசு வளர்ந்த சுண்டெலியைக் கொல்வதில்லை என்பதால், அதற்கேற்ப மாற்றிய வைரசை 1998இல் உருவாக்கினர். ஆகவே ஒவ்வொரு விலங்கிடமும் எந்தக் கேள்விக்கு விடை பெற முடியும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது ஆய்வாளரின் கடமை. வலியுணரும் உயிரை வீணாக்காதிருக்கவும் அதுவே வழி.

அண்மைக்காலம்

ஆய்வகப் பணியாளர்களுக்கே தொற்றிய நிகழ்வுகள் பல. புணே மையம் 1978இல் தேசிய வைராலஜி நிறுவனமாயிற்று. இத்தகைய கொடிய வைரசுகளைப் பாதுகாப்பாகக் கையாள, 2012இல் அங்கே நான்காம் நிலை உயிரியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. நாட்டுக் குரங்குகளின் இரத்தத்தில் வைரசு நீடிக்கும் காலத்தையும் எதிர்ப்பொருள் தோன்றும் முறையையும் கண்டறிந்த ஆய்வை இந்நிறுவனம் 2020இல் வெளியிட்டது.

கோழிக்கரு உயிரணுக்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த பழைய தடுப்பூசியின் வீரியம் குறைந்ததால், கர்நாடகத்தில் 2022இல் அது நிறுத்தப்பட்டது. விறகு எடுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் செல்வோருக்கு நம்பத்தக்க புதிய தடுப்பூசி தேவை. அதன் பாதுகாப்பையும் பயனையும் முதலில் மெய்ப்பிக்க வேண்டிய இடம் இந்த விலங்கு ஆய்வுகளே.