பிரெஞ்சுப் பிரதிப்பெயர்களும் அவற்றின் அப்பியாசமும்

பிரெஞ்சு இலக்கணம் பயில்வோர் நெடுநாள் தயங்கி நிற்கும் இடம் பிரதிப்பெயர்ப் பகுதியாகும். ஓரசைக்கு மேற்படாத சின்னஞ்சிறு சொற்களேயாயினும், அவை நிற்கும் ஸ்தானமும் தம்முள் கொள்ளும் வரிசையும் கண்டிப்பான நியமத்துக்கு உட்பட்டவை. செயப்படுபொருளாகிய பெயர் வினைக்குப் பின் வருவது அம்மொழியின் பொதுவழக்கு. அதற்குப் பிரதியாக வரும் சொல்லோ வினைக்கு முன்னே சென்று ஒட்டிக்கொள்கிறது. 'பவுலுக்குப் புத்தகத்தைத் தருகிறேன்' என்பது சுருங்கி 'ஜெ லெ லுயி தொன்' என்றாகும்போது, 'லெ' புத்தகத்தையும் 'லுயி' பவுலையும் உணர்த்துகின்றன. அவ்விடத்தில் ஒரு பெண் இருந்தாலும் 'லுயி' மாறுவதில்லை. 'எனக்கு' என்னும் பொருளுடைய 'மெ' வந்தாலோ வரிசை தலைகீழாகி, அது 'லெ'க்கு முந்துகிறது. உடன்பாட்டு ஏவலில் இரண்டும் வினைக்குப் பின்னே போய், 'மெ' என்பது 'முவா' ஆகித் 'தொன் லெ முவா' என நிற்கின்றன. எதிர்மறை ஏவலில் மீண்டும் முன்னே வந்துவிடுகின்றன.

தமிழ் மாணவனுக்கு இவற்றினும் விநோதமாகத் தோன்றுவது 'ஆன்' என்னும் சொல். 'சகோதரர்கள் உண்டா?' என்று கேட்டால் 'இருவர் உண்டு' என்று நாம் முடித்துவிடுவோம். பிரெஞ்சிலோ 'அவர்களில்' என்ற பொருள் தரும் 'ஆன்' இல்லாமல் அவ்விடை வாக்கியமாகாது.

இந்த நியமங்களை அட்டவணையாக மனப்பாடம் செய்தவன், பேச வாயெடுத்ததும் அட்டவணையைத் தேடி நிற்பான். ஆகையால் வினாவிலுள்ள பெயரை நீக்கிப் பிரதிப்பெயரால் விடையளிக்கும் பயிற்சியை ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கின்றனர். 1953இல் வெளிவந்து பல தேசங்களிலும் பரவிய கஸ்தோன் மோழேயின் பாடநூலும் பயிற்சிகளுக்குத் தாராளமாக இடமளித்தது. 1960களில் ஒலிநாடாவின் துணையோடு பரவிய அமைப்புப் பயிற்சிகளில், ஒரே வாக்கியச் சட்டத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிமாற்றி உரக்கச் சொல்ல வேண்டும். நாவுக்கு வரிசை பழகியபின் விதியை விளக்குவதே சாலச் சிறந்தது என்பது என் துணிபு; எனினும் சொல்லும் வாக்கியத்தின் பொருளை மாணவன் அறிந்தே சொல்ல வேண்டும், இல்லையேல் அது வெறும் பாராயணமாகிவிடும்.

எழுத்தில் மட்டும் விளங்கும் சிக்கலொன்றும் உண்டு. செயப்படுபொருள் முன்வரின் இறந்தகால எச்சம் பாலும் எண்ணும் ஒத்து நிற்க வேண்டும் என்ற விதி, பதினாறாம் நூற்றாண்டுக் கவியாகிய கிளேமான் மாரோ இத்தாலிய மொழியைப் பின்பற்றி வலியுறுத்தியது. பெரும்பாலான வினைகளில் இந்த ஒப்புமை செவிக்குப் புலப்படாது. 'எழுதுதல்' போன்ற சிலவற்றில் மட்டும், கடிதங்களைக் குறிக்கும் 'லே' முன்வந்தால், மௌனமாயிருந்த கடைசி 'த்' ஒலிக்கத் தொடங்குகிறது. அதனால்தான் பிரெஞ்சுப் பள்ளிகளில் இவ்விதியைச் சோதிக்க, ஆசிரியர் வாசிக்கக் கேட்டு எழுதும் பயிற்சியையே பெரிதும் நாடுகின்றனர்.