வயிற்று ஆபரேஷன்: முழு மயக்கமா, முதுகில் ஊசியா?

பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். “முதுகில் ஊசி போட்டால் பிறகு மூட்டை தூக்க முடியாதாமே, ஹஜ்ரத்?” என்றார். இந்தப் பயத்திலேயே ஆறு மாதமாகத் தள்ளிப்போடுகிறாராம். இறங்கிய குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

புதுவையில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் தொடக்கம் அதுவே. அன்று ஆபரேஷனுக்கு ஈதரோ குளோரோஃபார்மோ கிடையாது. 1846-ல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டினார்கள். 1898-ல் ஜெர்மனியின் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டு ஊசியைப் பயன்படுத்தினார்.

முதுகில் ஊசி: இடுப்புப் பகுதியில், தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே போடுவார்கள். நினைவு இருக்கும், இடுப்புக்குக் கீழ் சில மணி நேரம் மரத்துப்போகும். சிசேரியன், குடலிறக்கம் போன்ற அடிவயிற்று ஆபரேஷன்களுக்கு ஏற்றது. ரத்த அழுத்தம் குறையலாம். சிலருக்குப் பிறகு தலைவலி வரும். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆயுள் முழுவதும் முதுகுவலி வரும் என்பதற்கு ஆதாரமில்லை. சில வாரம் மூட்டை தூக்கவேண்டாம் என்பது வயிற்றுத் தையலுக்காகவே, ஊசிக்காக அல்ல.

எபிடியூரல்: முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துவது. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் வலியைத் தணிக்க உதவும்.

முழு மயக்கம்: வயிற்றுக்குள் வாயு நிரப்பிச் செய்யும் லேப்ராஸ்கோபிக்கும், மேல்வயிற்று ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் இதுவே. தொண்டையில் குழாய் வைத்து மெஷின் மூலம் மூச்சு தருவார்கள். பிறகு தொண்டை வலி, குமட்டல் வரலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோருக்கு முதுகு ஊசி ஆபத்தாகலாம். வயிற்றில் உணவிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். பொதுவாக உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்தவேண்டும். சாப்பிட்டதையும், மாத்திரையையும், பீடிப் பழக்கத்தையும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். எந்த முறை என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மார்க்கச் சட்டம்: முழு மயக்கத்தில் உளூ முறிந்துவிடும். முதுகு ஊசியில் நினைவு தவறாததால் அதனால் மட்டும் முறியாது. ரத்தம் வழிந்தால் ஹனபி மத்ஹபில் முறியும். வக்து வந்துவிட்டால் தொழுதுவிட்டே தியேட்டருக்குச் செல்லுங்கள். தவறிய தொழுகையை களாச் செய்வதே பேணுதல். எழ முடியாதவர் படுத்தபடியே சைகையால் தொழலாம்.

நோய்க்கு மருத்துவம் செய்வது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. பயத்தால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.