திருமுதுகுன்றத்து வன்னியும் உயிரினக் காப்பும்

நடுநாட்டுத் தேவாரத் திருத்தலங்களுள் ஒன்றாய் விளங்குவது திருமுதுகுன்றம். பழமலை, விருத்தகிரி, விருத்தாசலம் என்னும் பெயர்கள் யாவும் ஒரு பொருளனவே. மணிமுத்தாற்றங்கரையில் எழுந்தருளியுள்ள பழமலைநாதரை மூவர் முதலிகளும் பாடிப் பரவினர். பெருமான் அருளிய பன்னீராயிரம் பொன்னை நம்பியாரூரர் இவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தருளிய வரலாற்றைச் சைவ மக்கள் யாவரும் அறிவர். கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் இங்குக் கற்றளித் திருப்பணி செய்தார். இப்பெருமைகளுக்கு நடுவே கல்லும் பொன்னும் அல்லாத உயிர்ச்செல்வம் ஒன்றும் இத்தலத்துக்கு உண்டு. அதுவே தலமரமாகிய வன்னி.

விபசித்து முனிவர் இத்திருக்கோயில் திருப்பணியை மேற்கொண்டபோது, பணியாளர்க்குக் கூலியாக வன்னியின் இலைகளை வழங்கினார் என்றும், அவரவர் உழைப்பின் அளவுக்கேற்ப அவை பொன்னாக மாறின என்றும் தலவரலாறு கூறும். பொன் வேண்டிய இடத்து முனிவர் நாடியது அரசர் பண்டாரத்தை அன்று; ஒரு மரத்தையே நாடினார். மரம் என்பது ஊரின் வைப்புநிதி என்னும் உண்மை இவ்வரலாற்றினுள் பொதிந்து கிடக்கின்றது.

இன்றைய தாவர நூலார் ஆய்ந்து கண்டதும் இதனோடு ஒத்திருக்கின்றது. வன்னி அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. மிக ஆழமாக வேரோடி நிலத்தடி ஈரத்தைப் பற்றிக் கோடையிலும் பசுமை மாறாது நிற்பது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து உரமூட்டுவதால், இதன் நிழலில் பயிர் நலிவதில்லை. தழை ஆடுமாடுகளுக்குத் தீனி. பூ தேனீக்கு உணவு. இராசபுதனத்தில் 1868-69இல் நேர்ந்த கொடும்பஞ்சத்தில் இதன் பட்டையை இடித்து மாவாக்கி உண்டு மக்கள் உயிர் பிழைத்தனர். இன்று அது இராசத்தான் மாநிலத்தின் மரம்.

அந்நாட்டில் இம்மரத்துக்காக உயிரையே ஈந்தவரும் உளர். 1730ஆம் ஆண்டில் சோத்பூர் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்புச் சூளை எரிக்க, கேசர்லி என்னும் சிற்றூரின் வன்னி மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தனர். பிசுனோய் நெறியினரான அமிர்தாதேவி என்னும் அம்மையார் மரத்தைத் தழுவி நின்று வெட்டுண்டார். அவரைப் பின்பற்றி மாண்டோர் தொகை 363 என்பர். அதன் பின்னரே அரசன் மனம் வருந்தி வெட்டுதலை நிறுத்தினான்.

சைவ வழிபாட்டில் ஒரு மரத்துக்கு மட்டுமே இடமுண்டு என்று கருதுதல் கூடாது. திருக்குடமுழுக்கு வேள்விச்சாலையில் ஒன்பது கோள்களுக்கும் உரிய சமித்துகளை எண்ணிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கு எருக்கு, திங்களுக்கு முருக்கு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, வியாழனுக்கு அரசு, வெள்ளிக்கு அத்தி, சனிக்கு வன்னி, இராகுவுக்கு அறுகு, கேதுவுக்குத் தருப்பை. வேலியோரச் செடியும், வரப்பில் படரும் புல்லும், வானளாவிய மரமும் ஒருங்கே வந்து நின்றால்தான் வேள்வி நிறைவுறும். பல்வகை உயிர்களும் நிலைபெற வேண்டும் என்று இன்றைய அறிஞர் கூறுவதனை முன்னோர் வழிபாட்டு முறையாகவே வகுத்து வைத்தனர்.

ஆயினும் இச்செல்வம் குறைந்து வருகின்றது. தில்லை மரத்தால் பெயர்பெற்ற தில்லைப்பதியைச் சூழ்ந்திருந்த காடு இன்றில்லை. அம்மரத்தைப் பிச்சாவரத்துக் கழிமுகக் காட்டில் காணலாம். வன்னிக்கோ அதன் உறவினமே பகையாயிற்று. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 1877ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. வறியோர்க்கு விறகும் கரியும் ஈந்தது மெய்யே. ஆனால் அதன் நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை எங்கும் பரவி, ஏரியும் ஆற்றங்கரையும் முட்புதராயின. அவ்விடங்களில் நாட்டு மரங்களின் கன்றுகள் தலையெடுக்க இயலவில்லை. பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தார்க்கு மண்ணின் இயல்பு நன்கு தெரியும். சூளையில் வெந்த மண் மீண்டும் களிமண் ஆவதில்லை. அற்றுப்போன உயிரினமும் அவ்வாறே மீள்வதில்லை.

காக்கும் வழிகளும் உண்டு. 1992இல் இரியோ நகர மாநாட்டில் உலக நாடுகள் உயிரினப் பன்மை உடன்படிக்கையை ஏற்றன. அதன் வழி இந்திய அரசு 2002இல் சட்டம் இயற்றியது. ஊர்தோறும் குழு அமைத்து, அவ்வூர்த் தாவரங்களையும் விலங்குகளையும் மக்கள் பதிவேட்டில் குறிக்க அச்சட்டம் வழி செய்கின்றது. பழமலைநாதர் திருக்கோயிலில் குடமுழுக்கு நிகழ்ந்த 2022ஆம் ஆண்டிலேயே, ஊறு செய்யும் அயல் தாவரங்களை அகற்றி நாட்டுத் தாவரங்களை மீட்கும் கொள்கையைத் தமிழ்நாட்டரசு வகுத்தது.

அரசின் செயலோடு அடியார்களின் தொண்டும் சேர வேண்டும். திருச்சுற்றுக்குக் கல்தளம் அமைக்கும் அறச்செல்வர்கள், தலமரத்தின் அடியை மட்டும் மண்ணாகவே விட்டு வைத்தல் நன்று. வேருக்கு நீரும் காற்றும் புக இடம் வேண்டும். மரத்தில் ஆணி அறைதலும், அடியில் கற்பூரம் கொளுத்துதலும் பத்தியாகா. தலமரத்து விதையோடு பிற ஊர் வன்னிகளின் விதையும் சேர்த்து நாற்று வளர்த்தல் வேண்டும்; ஒரு தாய்மரத்தையே நம்பிய கன்றுகளுக்கு ஒரு நோயே கூற்றாகக் கூடும். சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டை மீளத் தளிர்க்கும். வேரோடு களைந்து, அவ்விடத்தில் உடனே வன்னி, இலுப்பை, புங்கு, வேம்பு முதலியவற்றை நடுதல் வேண்டும். வன்னி மெல்ல வளர்வது. கன்றை ஆடு மேயாமல் காக்கச் சில ஆண்டுகள் வேலி தேவை. கோபுரத்துக்குக் கலசம் அளிப்பது போலவே, ஒரு கன்றுக்கு வேலியும் நீரும் அளிப்பதும் திருப்பணியேயாம்.

கற்றளிக்குப் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை நீராட்டு நிகழ்கின்றது. தலமரமோ நாள்தோறும் நீர் வேண்டி நிற்பது. விபசித்து முனிவர் காலத்தில் இலை பொன்னாயிற்று. இக்காலத்து அன்பர்களின் பொன், இலையாய்த் தளிர்க்குமாக. உயிர்கள் யாவும் தழைக்கப் பழமலைநாதர் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.