வந்தவாசி ஏரிக்கரை

திருவண்ணாமலையில் பேகோபுரத்துப் பக்கம் நடக்கிறவர்களுக்குப் பெரிய கோயிலின் மதில், மதிலாகத்தான் தெரியும். 18-ம் நூற்றாண்டுத் தளபதிகளின் கண்ணுக்கு அது கோட்டை. சுமார் 25 ஏக்கர் பரப்பு, ஆள் ஏற முடியாத கருங்கல் சுவர், நான்கு திசைக்கும் நான்கு கோபுரம், உள்ளேயே குளம். ஒரு படைக்கு வேறென்ன வேண்டும்? 217 அடி ராஜகோபுரம் காவல் கோபுரத்துக்குச் சொல்லிவைத்ததுபோல் நிற்கிறது. 1753-ல் முர்தசா அலியும் மராட்டியத் தளபதி மொராரி ராவும் இந்த ஊரை முற்றுகையிட்டுப் பார்த்தார்கள்; பலிக்கவில்லை. 1757-ல் சூபிர் என்ற பிரெஞ்சுத் தளபதி பிடித்தார். 1760-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். பிறகு ஹைதர், அவருக்குப் பின் திப்பு. அண்ணாமலையார் யாரையும் வரச் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய மதில் தேவைப்பட்டது.

இந்த வாரம் நாம் போகவேண்டிய இடம் இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர். அவலூர்ப்பேட்டை, சேத்துப்பட்டு வழியாக வந்தவாசி. பௌர்ணமிக்கு மறுநாள் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. கிரிவலம் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம், செருப்பைக் கையில் பிடித்தபடி பாதத்தைத் தடவிக்கொண்டிருக்கும். நான் சேத்துப்பட்டு வரை நின்றுகொண்டுதான் போனேன். அங்கே ஜன்னல் வழியே லூர்து மாதா தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. தாராஸ் அடிகளார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கட்டியது. பிரான்சின் மலையோரச் சிற்றூர் ஒன்றின் பெயர் நம் மானாவாரி நிலத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது இப்படித்தான். ஆனால் அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே, தோற்றுப்போன பிரெஞ்சுப் படை ஒன்று இதே சேத்துப்பட்டுக்கு வந்து மூச்சு வாங்கியிருக்கிறது. நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்தப் படைக்குத் தலைவர் லாலி. அப்பா அயர்லாந்துக்காரர், மகன் பிறந்தது பிரான்சில் ஈசேர் ஆற்றங்கரையில் உள்ள ரோமான் என்ற சிறிய ஊரில், 1702-ல். போர்க்களத்தில் தைரியசாலி. மற்றபடி ஒருவரோடும் ஒத்துப்போகத் தெரியாதவர். 1758-ல் வந்து இறங்கியதுமே, புதுச்சேரியில் வண்டியிழுக்க ஆளில்லை என்று எல்லாச் சாதிக்காரர்களையும் பிடித்துவந்து ஒரே நுகத்தடியில் மாட்டினார். தஞ்சை மீது படையெடுத்தபோது கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடிக் குளத்தைக்கூடத் தோண்டினார். ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில், ஒற்றர்கள் என்று சொல்லி அர்ச்சகர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். இவருக்கு மாடு தரவும் நெல் தரவும் நாட்டில் யாருக்கு மனசு வரும்? சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டு 1759 பிப்ரவரியில் வெறுங்கையோடு திரும்பினார். அந்த வருஷக் கடைசிக்குள் சம்பள பாக்கிக்காக அவருடைய சொந்தப் படைவீரர்களே கலகம் செய்தார்கள்.

அந்த வருஷம் நவம்பரில் அயர் கூட் என்ற 33 வயது ஆங்கிலத் தளபதி வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். அதை மீட்டே தீருவேன் என்று லாலி ஜனவரியில் வந்து முற்றுகை போட்டார். வேண்டாம் என்றார் உடனிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. 1750-ல் செஞ்சி மலைக்கோட்டையை ஒரே இரவில் பிடித்துக்காட்டியவர் அவர். லாலி கேட்கவில்லை.

1760 ஜனவரி 22, காலை. ஆங்கிலேயர் பக்கம் ஐரோப்பியர் சுமார் 1,900, இந்தியச் சிப்பாய்கள் 2,100. பிரெஞ்சுப் பக்கம் ஐரோப்பியர் 2,250, சிப்பாய்கள் 1,300. உதவிக்கு மராட்டியக் குதிரைப்படை வேறு. அவர்களையும் சேர்த்துத் தலையை எண்ணினால் லாலியின் கைதான் ஓங்கியிருந்தது. அவருடைய இடதுகை அணி நின்ற இடம் ஒரு வறண்ட ஏரி. நம் ஊர் ஏரிதான், நம் ஆட்கள் கொட்டி உயர்த்திய மண் கரைதான். அதன் மறைவில் பீரங்கிகளை நிறுத்தி அரண் செய்துகொண்டார்கள். வேளாண்மைக்குக் கட்டிய கரை அன்றைக்குப் போர் மதிலானது; திருவண்ணாமலைக் கோயிலுக்கு நேர்ந்த அதே கதை.

பிரெஞ்சுக் குதிரைப்படை முதல் பீரங்கிச் சத்தத்திலேயே திரும்பிக்கொண்டது. லொரேன் படைப்பிரிவு பத்தி கட்டி நேராகக் கூட்டின் படைமீது மோதி, துப்பாக்கிக் குத்தீட்டிச் சண்டையில் உடைந்தது. அந்த நேரத்தில்தான் ஏரிக்கரை அரணுக்குள் இருந்த வெடிமருந்து வண்டியில் ஆங்கிலேயக் குண்டு ஒன்று விழுந்தது. சுமார் 80 பேர் செத்தோ காயப்பட்டோ சாய்ந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் பீரங்கியை விட்டு ஓடினார்கள். அந்தக் கரையைப் பிடிக்கப்போன ஆங்கில மேஜர் பிரெரட்டன் அங்கேயே சாகும் காயம் பட்டார். எதிர்த்து நின்ற புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டு, அவர் கைதியானார். மராட்டியர் கடைசிவரை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கும் பாக்கி இருந்திருக்கும்.

அன்று பிற்பகலே முடிந்துவிட்டது. லாலி சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சிக்கும், அங்கிருந்து புதுச்சேரிக்கும் ஒதுங்கினார். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி சரணடைந்தது. கால் நூற்றாண்டாக நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதைப் பார்க்காமல் சில நாட்களுக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்.

இன்றைய வந்தவாசியில் கோட்டை என்று கேட்டால் சிதைந்த மதிலையும் அகழியையும் காட்டுவார்கள். ஆனால் ஊர் தன்னைச் சொல்லிக்கொள்வது பாயை வைத்து. கோட்டைக்குப் போகும் வழி கேட்கத்தான் ஒரு தறிக் கொட்டகையில் நுழைந்தேன். பாய் நெய்யும் பாய் தலை நிமிராமலே, “உக்காருங்க தம்பி” என்றார். ஈரக் கோரையை நீண்ட குச்சியின் நுனியில் செருகி, நூல்களுக்கு நடுவே ஒரே தள்ளு. குச்சி வெளியே வரும்போது கோரை உள்ளே தங்கிவிடுகிறது. பிறகு ஒரு அடி. வயல் நாற்றமும் சாய வாசனையும் கலந்து வந்தது.

“ஏரியிலே சண்டை நடந்ததாமே, எந்த ஏரி பாய்?”

“சண்டையா? தண்ணிக்குத்தான் வருஷா வருஷம் நடக்குது.”

லாலியின் ரோமானும் இப்படிக் கைத்தொழிலால் பெயர் பெற்ற ஊர்தான், அங்கே செருப்பும் ஷூவும். லாலி அங்கே போய் ஓய்வெடுக்கவில்லை. போர்க்கைதியாக லண்டன் போனவர், தன்மீது துரோகக் குற்றம் சுமத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானாகவே பிரான்சுக்குத் திரும்பினார். பஸ்தீல் சிறையில் போட்டார்கள். 1766 மே மாதம், வாயை அடைத்துக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். வால்டேர் அவருக்காக எழுதினார், மகன் வழக்காடினான். 1778-ல்தான் தீர்ப்பு ரத்தானது. செய்தி வந்தபோது வால்டேர் மரணப்படுக்கையில் இருந்தார்.

ஜெயித்த கூட், 21 வருஷம் கழித்து மறுபடியும் ஒரு ஜனவரியில் இதே வந்தவாசிக்கு வரவேண்டியிருந்தது. இந்தமுறை உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர் ஃபிளின்ட் என்ற லெப்டினன்ட். வெளியே ஹைதரின் படை. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)