காம்பராவும் கதிரையும்

நூற்றாண்டு மலரில் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுத எம்மிலும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் எழுத விரும்புவது எமது வகுப்பறையில் கேட்ட சில சொற்களைப் பற்றி.

தொண்ணூறுகளில் எங்கள் வகுப்பில் பல வகைத் தமிழ் இருந்தது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் விடுதியில் இருந்தார்கள். கண்டி நகரத்து வர்த்தகர் வீட்டுப் பிள்ளைகளும் அக்குறணையிலிருந்து வந்த முஸ்லிம் தோழியரும் இருந்தார்கள். ஆசிரியர்களில் சிலர் யாழ்ப்பாணத்தவர்.

ஒருநாள் 'எனது வீடு' என்ற கட்டுரையில் விடுதித் தோழி ஒருத்தி, "எங்கள் காம்பராவில் ஏழு பேர் இருக்கிறோம்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை வாசித்ததும் வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். "அது தோட்டத்துப் பேச்சு, 'அறை' என்று எழுது" என்று திருத்தப்பட்டது. அதன்பின் அவள் தன் வீட்டைப் பற்றி எதுவுமே எழுதவில்லை.

அன்று எங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆசிரியை அமர்ந்திருந்தது கதிரையில், பக்கத்தில் இருந்தது யன்னல், எங்கள் காலில் இருந்தது சப்பாத்து, காலையில் சாப்பிட்டது பாண். 'கதெய்ரா', 'ஜனெலா', 'சப்பாத்து', 'பாவ்ங்' என்ற போர்த்துக்கீசச் சொற்களே இப்படி ஆயின. 'காமரா' என்ற போர்த்துக்கீசச் சொல்லின் மகள்தான் காம்பரா. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் நால்வர் நல்ல தமிழாகவும் ஒருத்தி கேலிக்குரியவளாகவும் ஆனது, அவரவரை யார் பேசினார்கள் என்பதால் மட்டுமே.

மலையகத்தின் பழஞ்சொற்கள் ஒவ்வொன்றிலும் ஒரு காலம் தங்கியிருக்கிறது. வயதானவர்கள் இன்றும் சொல்லும் 'கண்டிச் சீமை' என்பதில் புறப்பட்ட ஊரின் பார்வை இருக்கிறது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் கம்பளை, பேராதனைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, மாத்தளை என நடந்தே மலைக்கு ஏறினார்கள். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குக் கல்லறையுமில்லை, பெயர்ப் பதிவுமில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றவர்கள் நினைவுகூர்ந்தது இவர்களைத்தான்.

அவர்களை அழைத்து வந்த 'கங்காணி' என்ற சொல்லோ மிகப் பழையது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் மேற்பார்வை செய்பவரைக் குறிக்கும் 'கண்காணி'தான் அது. அதிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் 'பிரட்டு', ஆங்கிலேயரின் படை அணிவகுப்பான 'பரேட்'. ஆரம்பகாலக் கோப்பித் தோட்டச் சொந்தக்காரர்களில் படை அதிகாரிகளும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்தச் சொல் வந்த வழி புரியும். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால், கோப்பியைச் சேர்த்துவைத்த 'ஸ்டோர்' என்ற பெயர் தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஒட்டிக்கொண்டது.

'துண்டு' என்பதும் அப்படித்தான். தோட்டம் மாற விரும்பும் தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டே அன்றைய துண்டு. அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்துக்கே அவர் போகலாம். 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. இன்று எங்களிடம் "மருந்துக்குத் துண்டு தாங்க" என்று கேட்கிறார்கள். சிங்களத்தில் கேட்பவர்களும் 'துண்டுவ' என்றே கேட்கிறார்கள்.

இவையெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதை நாங்கள் கற்றது வைத்தியசாலை விடுதியில். பயிற்சி டொக்டர்களாக இருந்தபோது, கடும் காய்ச்சலோடு ஓர் அம்மா வந்தார். அனுமதிக்க வேண்டும் என்றோம். "வேணாம் டொக்டரம்மா, தங்கினா பேர் போயிடும்" என்று அழுதார். மானத்துக்குப் பயப்படுகிறார், வீட்டில் ஏதோ பிரச்சினை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மாத்திரை கொடுத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் மூச்சுத் திணறலோடு அவரைத் தூக்கிவந்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

விடுதியில் வேலைசெய்த தோட்டத்துப் பெண்மணி ஒருவர்தான் எங்களுக்கு விளக்கினார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். நிர்ணயித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் புத்தகத்தில் பெயர் விழுந்தால்தான் காசு. அந்த அம்மா சொன்னது மானத்தைப் பற்றியல்ல, பிள்ளைகளின் சோற்றைப் பற்றி. ஏழு பேர் இருந்த காம்பராவைப் பற்றி எழுதிய தோழியை நாங்கள் சிரிக்காமல் கேட்டிருந்தால், இந்தச் சொல்லையும் அவளிடமே கற்றிருப்போம்.

அன்றிலிருந்து மலையகத்திலிருந்து வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "இன்றைக்குப் பேர் போய்விட்டதா? பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு வந்தீர்களா?" என்பதைத்தான். பலகையில் இப்போது 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதியிருக்கிறது. தாய்மார் வாயில் அது இன்னும் பிள்ளைக்காம்பராதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்கள் முகம் இளகும், நோயைப் பற்றிய உண்மை முழுதாக வரும்.

லயங்கள் ஒருநாள் இல்லாமல் போகவேண்டும், அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. ஆனால், அங்கே வாழ்ந்தவர்கள் எழுதிவைத்துப் போன ஏடுகள் மிகக் குறைவு. அவர்கள் விட்டுச் சென்ற சொற்களே அவர்களது ஏடு. பழைய மாணவியர் சங்கத்திடம் எங்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். பாடசாலை நூலகத்தில் ஒரு கொப்பி வையுங்கள். மாணவியர் தங்கள் அம்மம்மா, அப்பாயி, பாட்டி, உம்மும்மா பேசும் பழஞ்சொற்களைக் கேட்டுவந்து, பொருளோடும் ஊர்ப் பெயரோடும் அதில் எழுதட்டும்.

முதல் பக்கத்தில் 'காம்பரா' என்று நாங்கள் எழுதுகிறோம். அந்தத் தோழி இந்த மலரை வாசித்தால், அன்று சிரித்ததற்காக எங்களை மன்னிக்கவேண்டும்.