'எழுதியாச்சு' என்று சொல்வதற்கு முன்

வீட்டில் நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி, வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான். படிக்கும்போது பறக்கிறது, எழுதும்போது நொண்டுகிறது. கேபிளை மாற்றியாச்சு, ஸ்விட்சை மாற்றியாச்சு, ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சர்வர்களோடே காலம் தள்ளியவன் நான். இந்தத் தாமதத்தின் வரலாறு தெரிந்தால் பழுது இருக்கும் இடம் பாதி தெரிந்துவிடும் என்பது என் திடமான எண்ணம். வரலாறு என்றால் ரொம்பப் பழையது அல்ல, நாற்பது வருஷக் கதை.

1984-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்.எஃப்.எஸ். என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு கணினியின் டிஸ்க்கை இன்னொரு கணினி தன்னுடையது போலவே பயன்படுத்தலாம். அதை வடிவமைத்தவர்கள் ஒரு கண்டிப்பான விதியை வைத்தார்கள். எழுதச் சொல்லி அனுப்பிய தகவல் டிஸ்க்கில் போய்ச் சேர்ந்த பிறகுதான் சர்வர் 'எழுதியாச்சு' என்று பதில் சொல்ல வேண்டும். ராமில் வாங்கி வைத்துக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. சர்வர் நடுவில் செத்துப் பிழைத்து வந்தாலும், 'எழுதியாச்சு' என்று அது சொன்ன எதுவும் தொலைந்திருக்காது. பதில் வராததை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

இந்த நேர்மைக்கு விலை இருந்தது. அன்றைய இரண்டாம் பதிப்பில் ஒரு தடவைக்கு 8 கிலோபைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. அந்த 8 கிலோபைட்டை எழுத டிஸ்க்கின் தலை மூன்று இடங்களுக்குக்கூட ஓட வேண்டியிருக்கும்: தகவலுக்கு ஒன்று, ஃபைலின் அளவையும் நேரத்தையும் குறிக்க ஒன்று, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்கு ஒன்று. ஒரு ஓட்டத்துக்கு 20 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் 60. அப்படியானால் விநாடிக்குச் சுமார் 130 கிலோபைட்தான் எழுத முடியும். அன்றைய ஈதர்நெட் கம்பியோ 10 மெகாபிட், அதாவது விநாடிக்கு ஒரு மெகாபைட்டுக்கு மேல் சுமக்கக் கூடியது. கம்பி காலியாகக் கிடக்க, எல்லோரும் டிஸ்க்கின் தலை திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார்கள். இன்றைக்கு வீட்டுப் பெட்டியில் நடப்பதும் பல சமயம் இதேதான். அளவுகள்தான் பெரிதாகிவிட்டன.

விதியைத் தளர்த்தாமல் வேகத்தைக் கூட்டுவது எப்படி? இந்தக் கேள்விக்கு அன்றைய பொறியாளர்கள் கண்ட விடை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ராமுக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரியை வைத்தார்கள். லெகாட்டோ நிறுவனத்தின் பிரெஸ்டோசர்வ் அட்டை அப்படி வந்ததுதான். மின்சாரம் போனாலும் அந்த ராமில் இருப்பது அழியாது என்பதால், அங்கே விழுந்ததுமே 'எழுதியாச்சு' என்று சொல்வது பொய்யாகாது. டிஸ்க்கில் இறக்குவதை ஆற அமரச் செய்துகொள்ளலாம். 1992-இல் டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் தொடங்கிய நெட்ஆப் நிறுவனம் தன் ஃபைல் சர்வரையே இந்த எண்ணத்தைச் சுற்றிக் கட்டியது. வருகிற கோரிக்கைகளைப் பேட்டரி காக்கும் நினைவகத்தில் குறித்துக்கொண்டு, மொத்தமாகச் சேர்ந்ததும் டிஸ்க்குக்கு அனுப்பும்.

1995-இல் வந்த என்.எஃப்.எஸ். மூன்றாம் பதிப்பு வேறு வழியைப் பிடித்தது. இப்போதைக்கு ராமில் வாங்கிக்கொள், கடைசியில் நான் கேட்கும்போது எல்லாம் டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய் என்று சர்வரிடம் சொல்ல வழி பிறந்தது. அதுவரை அனுப்பியவரும் தன் பிரதியைக் கையிலேயே வைத்திருப்பார். நடுவில் சர்வர் செத்துப் பிழைத்திருந்தால் அதன் அடையாள எண் மாறியிருக்கும். எண் மாறியிருப்பதைக் கண்டால் எல்லாவற்றையும் திரும்ப அனுப்பிவிடுவார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இதற்கிடையில் 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் மலிவான சிறிய டிஸ்க்குகளைக் கூட்டாக ஓட்டும் ரெய்டு முறையைப் பற்றி எழுதினார்கள். அதில் ஐந்தாம் வகை வீட்டுப் பெட்டிகளில் இன்றும் செல்லப்பிள்ளை. சிறு துண்டு ஒன்றை மாற்ற அங்கே நான்கு வேலை: பழைய தகவலைப் படி, பழைய பாரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததை மீட்க உதவும் கணக்கை) படி, புதிய தகவலை எழுது, புதிய பாரிட்டியை எழுது. பெரிய வீடியோவைக் கொட்டும்போது இது தெரியாது. சின்னச் சின்னப் படங்களை ஆயிரக்கணக்கில் கொட்டும்போது தெரியும்.

கோவையில் என் அண்ணன் மகள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவளும் கணவனும் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள். அலுவலகம் ஒன்று கழித்துக்கட்டிய சர்வரை வாங்கி, ரெய்டு அட்டையோடு வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சித்தப்பா. இப்ப படிக்கிறப்ப விநாடிக்கு 110 எம்.பி. வருது, எழுதுறப்ப 20-ஐத் தாண்ட மாட்டேங்குது" என்றாள். முதலில் நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினேன். இரண்டு பக்கமும் 940 மெகாபிட். டிஸ்க் எதையும் தொடாத சோதனை அது. கேபிளும் ஸ்விட்சும் சுத்தம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. டிஸ்க்குகளின் உடல்நிலை அறிக்கையிலும் குறை இல்லை. பிறகு ரெய்டு அட்டையின் நிலையைக் கேட்டால், பேட்டரி பழுது என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, கேஷ் வழியாக எழுதுவது நிறுத்தப்பட்டது என்று இன்னொரு வரி.

மூடியைத் திறந்து அட்டையை உருவினேன். தீப்பெட்டி அளவு பேட்டரி, மேலுறை உப்பி, ஒட்டியிருந்த தாள் ஓரத்தில் பிரிந்து நின்றது. பிரெஸ்டோசர்வ் காலத்து எண்ணத்தின் நேரடி வாரிசு இந்த அட்டை. பேட்டரி இருக்கும்வரை கேஷ் எனப்படும் தன் ராமில் வாங்கிக்கொண்டு உடனே பதில் சொன்னது. பேட்டரி போனதும் இனி அப்படிச் சொல்வது பொய்யாகிவிடும் என்று, எழுத வரும் ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் இறக்கிய பிறகே பதில் சொல்லத் தொடங்கியது. பழுதான பெட்டி என்று அவர்கள் நினைத்தது உண்மையில் சொன்ன சொல் தவறாத பெட்டி.

பேட்டரி இல்லாவிட்டாலும் கேஷில் எழுது என்று அட்டையைக் கட்டாயப்படுத்த ஒரு வசதி உண்டு. மாப்பிள்ளை அதைக் கண்டுபிடித்து, "இதைத் தட்டிவிட்டா போதுமே மாமா" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2012-இல் சென்னைக்கு வெளியே நாங்கள் பட்ட மின்வெட்டை மறக்க முடியாது. நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்களில் இன்வெர்ட்டரும் யு.பி.எஸ்ஸும்கூடக் கைவிட்டுவிடும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. புதிய பேட்டரி போட்டு, அது முழுதாகச் சார்ஜ் ஆனதும் பழைய வேகம் தானாகத் திரும்பியது.

அட்டை இல்லாத பெட்டிகளிலும் இதே பொத்தான் வேறு பெயரில் இருக்கிறது. சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் 2001-இல் தொடங்கிய இசட்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டம் 2005-இல் வெளியே வந்தது. அதே 2005-இல் ஒலிவியே கோஷார்-லாபே தொடங்கிய ஃப்ரீநாஸ் என்ற நாஸ் மென்பொருள், பின்னாளில் அதை வீட்டுப் பெட்டிவரை கொண்டுவந்தது. டிஸ்க்கில் இறங்கிய பிறகே பதில் சொல்ல வைக்கும் அதன் 'சிங்க்' அமைப்பை அணைத்துவிட்டால் வேகம் பல மடங்காகும். அப்போது கரண்ட் போனாலும் இசட்.எஃப்.எஸ். உடையாது, கடைசிச் சில விநாடிகளில் எழுதியது மட்டும் போகும். சினிமாப் படங்கள் வைத்திருப்பவருக்கு அது பெரிய நஷ்டமில்லை. மெய்நிகர் கணினியின் டிஸ்க்கோ கணக்கு மென்பொருளின் தரவோ அங்கே இருந்தால் அந்தச் சில விநாடி எல்லாவற்றையும் குலைத்துவிடும். வேகமும் வேண்டும், சொல்லும் தவறக் கூடாது என்பவர்கள், மின்சாரம் போனாலும் தாங்கும் மின்தேக்கி உள்ள எஸ்.எஸ்.டி. ஒன்றை எழுத வருவதை உடனே குறித்துக்கொள்வதற்கென்றே தனியாகப் போடலாம்.

விண்டோஸ், மேக் கணினிகளுக்கு ஃபைல்களைப் பகிரும் சாம்பா மென்பொருளிலும், 2017-இல் வந்த 4.7 பதிப்பில், சொன்ன சொல்லைக் காக்கும் மாற்றம் ஒன்று வந்தது. அதுவரை 'டிஸ்க்கில் இறக்கு' என்று விண்டோஸோ மேக்கோ கேட்டாலும் சாம்பா வழக்கமாகக் காதில் போட்டுக்கொள்ளாது. அதற்குப் பிறகு கேட்டபடி இறக்கத் தொடங்கியது. புதுப்பித்ததும் வேகம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் பதிப்பு எண்ணைக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் எல்லாத் தாமதமும் நேர்மையால் வருவதல்ல. எஸ்.எம்.ஆர். டிஸ்க்குகளில் ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் ஏறி நிற்கும், கூரையில் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி. நடுவில் ஒன்றை மாற்றினால் அதை ஒட்டிய வரிசையையே திரும்ப எழுத வேண்டும். டிஸ்க் தனக்கென ஒதுக்கிய சிறு பகுதியில் முதலில் வாங்கி இந்தத் தாமதத்தை மறைத்துக்கொள்ளும். அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் பாதாளத்துக்குப் போகும். ரெய்டில் ஒரு டிஸ்க்கை மாற்றி மறுபடி கட்டும்போது நாள்கணக்கில் இழுக்கும். 2020 ஏப்ரலில், நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில டிஸ்க்குகள் இந்த வகைதான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. பயனாளர்கள் தாங்களே சோதித்துக் கேள்வி எழுப்பிய பிறகு நடந்தது இது. பின்னர் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத பழைய முறையில் எழுதும் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு இது பெட்டியின் மேலேயே தெரிந்திருக்க வேண்டும். பழைய சரக்கு வாங்குகிறவர்கள் மாடல் எண்ணைப் படியுங்கள். அந்த 2 முதல் 6 டெராபைட் ரெட் டிஸ்க்குகளில் இ.எஃப்.ஏ.எக்ஸ். என்று முடிந்தால் எஸ்.எம்.ஆர்., இ.எஃப்.ஆர்.எக்ஸ். என்று முடிந்தால் பழைய முறை.